பழைய வீட்டை டெவலப்பரிடமே கொடுத்துவிட்டு ராவாங்கில் புது வீடு: கணக்கு சரிதானா?

கோம்பாக்_ஆற்றங்கரை | செவ்வாய், இரவு 9.42

வணக்கம். இங்கே வீடு வாங்கி விற்ற அனுபவம் உள்ளவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

எங்கள் வீடு கோலாலம்பூர் செத்தாபாக்கில், மூன்றாவது மாடி. மூன்று அறை, நிரந்தர நிலம் (ஃப்ரீஹோல்ட்), லிஃப்ட் கிடையாது. 2011-இல் 145,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினோம். வங்கிக்கு இன்னும் 71,000 பாக்கி. அம்மாவுக்கு வயது 68, இரண்டு முட்டியிலும் வலி. சந்தைக்குப் போய் வந்தால் இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். அந்த மாடிச் சீனத்து ஆன்ட்டி அம்மாவுக்காகவே அங்கே ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த நாளிலிருந்து, கீழ்த்தளத்தில் ஓர் அறை உள்ள வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ராவாங்கில் ஒரு புதுத் திட்டம். இரண்டு மாடி டெரஸ் (வரிசை வீடு), 580,000. கீழே குளியலறையோடு ஓர் அறை. கட்டுமானம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. "பழைய வீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாங்களே எடுத்துக்கொள்கிறோம், ட்ரேட்-இன் திட்டம் இருக்கிறது" என்றார்கள் டெவலப்பர், அதாவது கட்டி விற்கும் நிறுவனத்தார். போன வாரம் ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். இருபது நிமிடம்கூட இருக்கவில்லை. குளியலறை ஓடுகளை விரல் முட்டியால் தட்டினார், சமையலறைக் கூரையில் இருந்த நீர்க்கறையை இரண்டு முறை படம் எடுத்தார், அம்மா போட்ட தேநீரைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது: 245,000. பதினான்கு நாளில் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் புளோக்கில் 285,000, 290,000 என்று விளம்பரம் போடுகிறார்கள். பேரம் போக 280,000 கிடைத்தால்கூட 35,000 குறைகிறது. ஆனால் ஏஜென்ட் தொல்லை இல்லை, யார் யாரோ வந்து சாமி அறை வரை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மனைவி சரி என்கிறாள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

கிள்ளான்_தெற்கு | செவ்வாய், இரவு 10.05

விளம்பரத்தில் இருப்பது கேட்கிற விலை. உண்மையில் கைமாறிய விலை என்ன என்று நாப்பிக் தளத்தில் பாருங்கள். அரசாங்க மதிப்பீட்டுத் துறையின் தரவு அது, இலவசம். உங்கள் புளோக்கோ பக்கத்துப் புளோக்கோ, கடைசி நான்கைந்து விற்பனையைப் பார்த்தாலே போதும்.

நிலப்பத்திரம் | செவ்வாய், இரவு 11.20

தம்பி, சொத்துப் பத்திர வேலை பார்க்கும் ஒரு லாயர் அலுவலகத்தில் 19 வருடமாக இருக்கிறேன். விலையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தக் கடிதத்தை எடுத்து, "வாங்குபவர்" என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

ட்ரேட்-இன் என்று ஒரே பெயரில் பல விதம் நடக்கிறது. சிலவற்றில் டெவலப்பரோ அதன் கிளை நிறுவனமோ உண்மையாகவே உங்கள் வீட்டை வாங்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போடும். சிலவற்றில் டெவலப்பர் ஒரு ஏஜென்சியைக் கைகாட்டிவிடும், அவர்கள் உங்கள் வீட்டுக்கு ஆள் தேடுவார்கள், விற்றால் விற்றது. இன்னும் சிலவற்றில் "ட்ரேட்-இன்" என்பதே புது வீட்டு விலையில் ஒரு தள்ளுபடிதான், பழைய வீட்டை நீங்களேதான் விற்றுக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் விளம்பரப் பலகை ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்கும்போது போடும் ஒப்பந்தம் டெவலப்பர் விருப்பத்துக்கு எழுதுவது அல்ல. 1966 வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வந்த படிவம் அது. நில வீட்டுக்கு (டெரஸ் போல நிலத்தோடு சேர்ந்தது) அட்டவணை ஜி, அடுக்குமாடிக்கு அட்டவணை எச். அந்தப் படிவத்தில் உங்கள் பழைய வீட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆகவே ட்ரேட்-இன் வாக்குறுதி முழுவதும் வேறொரு தனிக் கடிதத்தில்தான் இருக்கும். பழைய வீடு விற்காமல் போனாலும் புது வீட்டு ஒப்பந்தம் அப்படியே உங்கள் கழுத்தில் நிற்கும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

முன்பதிவுப் பணம் ஏதாவது கேட்டார்களா? ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்னால் காசு வாங்கக் கூடாது என்பது விதி. பத்து விழுக்காடு கையெழுத்தின்போதுதான்.

கோம்பாக்_ஆற்றங்கரை | புதன், காலை 7.15

அண்ணே, நன்றி. கடிதத்தை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். மலாயில் இருக்கிறது. "தகுதியான வாங்குபவரை ஏற்பாடு செய்ய நிறுவனம் உதவும்" என்று ஒரு வரி. 245,000-க்கு நேரே "குறிப்பு விலை" என்று போட்டிருக்கிறது. அவர்களே வாங்குகிறார்கள் என்று எங்கேயும் இல்லை. முன்பதிவுப் பணம் இன்னும் கொடுக்கவில்லை, 1,000 வெள்ளி கேட்டார்கள்.

நிலப்பத்திரம் | புதன், காலை 7.50

அப்படியென்றால் அவர்கள் உங்கள் வீட்டை வாங்கவில்லை தம்பி. உங்களுக்காக விற்கப் பார்க்கிறோம் என்கிறார்கள், அவ்வளவுதான். அந்த 1,000-ஐக் கொடுக்காதீர்கள்.

செராஸ்_வாத்தியார் | புதன், மாலை 5.30

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகவே உள்ளே வந்தேன்.

2016-இல் காஜாங் பக்கம் ஒரு புது வீடு வாங்கினேன். பெயர் வேண்டாம். என் பழைய வீட்டுக்கு அவர்கள் சொன்ன விலை சந்தை விலையைவிட 10,000 கூடுதல். தங்கமான ஆட்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன், என் தங்கச்சி வீட்டுக்காரரையும் அங்கே கூட்டிப்போனேன். இரண்டு வருடம் கழித்துச் சாவி வாங்கும் நாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கும் அதே அளவு வீடு, அதே வரிசை, என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. பேச்சு வாக்கில் விலையைக் கேட்டேன். என்னைவிட 42,000 குறைவு. சமையலறைக் கேபினெட் வேறு இலவசம். அவர் ட்ரேட்-இன் எதுவும் கொடுக்கவில்லை, நேராக வாங்கியவர். கையில் சாவியை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று கணக்குப் போட்டேன். பழைய வீட்டில் 10,000 கொடுத்துப் புது வீட்டில் 42,000 எடுத்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் ஒரு விலையை மட்டும் கேட்டேன்.

ஆகவே பழைய வீட்டுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். ட்ரேட்-இன் இல்லாமல் வந்தால் இந்த வீடு என்ன விலை, எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். உங்கள் எண்களை வைத்தே போடுகிறேன். ராவாங் பக்கம் நேரடியாக வாங்குபவருக்கு 6 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அது 34,800. புது வீடு 545,200-க்கு இறங்குகிறது. பழைய வீட்டை நீங்களே 280,000-க்கு விற்றால் ஏஜென்டுக்கு அதிகபட்சம் 3 விழுக்காடு, 8,400. அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி, 672. கையில் 270,928.

ட்ரேட்-இன் வழி: 580,000-இல் 245,000 போக 335,000.
சொந்த வழி: 545,200-இல் 270,928 போக 274,272.

வித்தியாசம் 60,728 வெள்ளி. நீங்கள் 35,000 என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். தள்ளுபடி எவ்வளவு என்பது நீங்கள் கேட்டால்தான் தெரியும், ஆனால் கணக்கு இப்படித்தான் போட வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுதும் விலைக்குத்தான் முத்திரை வரி என்பதையும் மறக்க வேண்டாம். முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நான்கு லட்சத்துக்கு 2, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 3. 580,000-க்கு 11,400. 545,200 என்று எழுதினால் 10,356. வங்கிக் கடனும் அந்தப் பெரிய விலைக்குத்தான் ஓடும், 35 வருடம் வரைகூட.

பிறை_அக்கா | புதன், இரவு 8.10

எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்கிறீர்கள். எனக்கு அது உதவியது, அதையும் சொல்ல வேண்டும்.

என் மாமியார் வீடு பட்டர்வொர்த்தில், குத்தகை நிலம், 50 வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். 14 மாதம் விளம்பரத்தில் கிடந்தது. பார்க்க வந்தவர்களுக்கு வீடு பிடித்தது, வங்கிக்குப் பிடிக்கவில்லை. குத்தகை குறைந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். இரண்டு பேர் முன்பணம் கொடுத்து, கடன் கிடைக்காமல் திரும்பப் போனார்கள். ஒவ்வொரு முறையும் மாமியார் பெட்டி கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கடைசியில் பத்து காவானில் புது வீடு எடுத்தபோது டெவலப்பரின் கிளை நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்து இருந்தது, பணம் வரும் தேதி இருந்தது. குத்தகை நிலம் கைமாற மாநில அரசின் ஒப்புதல் கிடைக்க ஐந்து மாதம் ஆனது, அதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். சந்தை விலையைவிடக் குறைவுதான். ஆனால் அந்த வீட்டுக்குச் சந்தையே இல்லையே.

தம்பி வீடு அப்படி இல்லை. செத்தாபாக்கில் நிரந்தர நில வீட்டுக்கு ஆள் வருவார்கள். ஆனால் நான் வேறொன்று கேட்கிறேன். அம்மாவுக்கு இன்றைக்கே படி ஏற முடியவில்லை. கட்டி முடிக்க எத்தனை மாதம்?

நிலப்பத்திரம் | புதன், இரவு 8.45

நில வீட்டுக்கு ஒப்பந்த நாளிலிருந்து 24 மாதம். அடுக்குமாடிக்கு 36. தாமதமானால் விலையில் வருடத்துக்கு 10 விழுக்காடு வீதம் நாள் கணக்கில் இழப்பீடு உண்டு. 580,000-க்கு நாளைக்கு 158 வெள்ளி சொச்சம். ஆனால் அதை வைத்துக்கொண்டு அம்மாவின் முட்டிக்கு என்ன செய்வது? அக்கா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

கிள்ளான்_தெற்கு | புதன், இரவு 9.02

பழைய வீட்டை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று கடிதத்தில் இருக்கிறதா? இப்போதே கொடுத்துவிட்டால் 24 மாத வாடகை. மாதம் 1,400 என்றால்கூட 33,600.

இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா இப்படித்தான் வீடு மாறினார். அங்கே இது பழைய வழக்கம், பார்ட் எக்ஸ்சேஞ்ச் என்பார்கள். அங்கேயும் சந்தை விலைக்குக் கீழேதான் கொடுத்தார்கள். ஆனால் அக்காவுக்குப் புது வீடு ஏறத்தாழ முடிந்த நிலையில் இருந்தது, பழைய வீட்டிலிருந்து நேராகப் புது வீட்டுக்குப் போனார். நடுவில் வாடகை இல்லை. நம் ஊரில் படத்தைப் பார்த்து வாங்குகிறோம், அதுதான் பெரிய வேறுபாடு.

புதுக்குடும்பம் | வியாழன், மதியம் 1.15

இதே இழையில் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் வீடு வாங்கி மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. ட்ரேட்-இன் கொடுத்தாலும் ஆதாய வரி உண்டா? விற்பனை இல்லை, மாற்றிக்கொள்வதுதானே என்று ஒரு ஏஜென்ட் சொன்னார்.

நிலப்பத்திரம் | வியாழன், மதியம் 2.05

தவறு. பெயர் எதுவானாலும் உரிமை கைமாறினால் அது விற்பனைதான். குடிமக்களுக்கு முதல் மூன்று வருடத்துக்குள் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காவது வருடம் 20, ஐந்தாவது 15, ஆறாவது வருடத்திலிருந்து இல்லை. நீங்கள் நான்காவதில் இருக்கிறீர்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஆயுளில் ஒரு முறை விலக்கு கேட்கலாம். ஆனால் அதை இந்தச் சிறிய ஆதாயத்துக்கே பயன்படுத்துவதா, பின்னால் வைத்துக்கொள்வதா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசியுங்கள். வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் முன்கூட்டி அடைத்தால் அபராதம் என்று ஒரு வரி இருக்கலாம், பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு. அதையும் பாருங்கள்.

கோம்பாக்_ஆற்றங்கரை | வியாழன், இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. பிறை அக்கா கேட்ட கேள்வி நேற்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. 24 மாதம் என்பதை நான் ஒரு எண்ணாகத்தான் பார்த்திருந்தேன். இன்று காலையும் அம்மா அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நிலப்பத்திரம் அண்ணே, ஒரு சந்தேகம். பத்து விழுக்காட்டுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாம் என்று இருந்தேன். செத்தாபாக் வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு முறை எடுத்துவிட்டேன். மறுபடியும் முடியுமா?

நிலப்பத்திரம் | வியாழன், இரவு 11.10

முடியும். ஆனால் முதல் வீட்டுக்கு எடுத்தவர் இரண்டாவது வீட்டுக்கு எடுக்க வேண்டுமானால், முதல் வீட்டை விற்றதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இப்போது சேமநிதியில் அதற்கான பகுதி செஜாத்தெரா கணக்கு (Akaun Sejahtera). உங்கள் கடிதத்தை வைத்து எதுவும் எடுக்க முடியாது, அதில் விற்பனையே இல்லையே. பழைய வீட்டுக்கு முத்திரை குத்திய விற்பனை ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் கதவு திறக்கும்.

இரண்டு வீட்டுக் கடன் ஒரே நேரத்தில் இருக்கலாம். மூன்றாவதற்குத்தான் வீட்டு மதிப்பில் 70 விழுக்காடு வரம்பு, இரண்டாவதற்கு 90 வரை கிடைக்கும். ஆனால் இரண்டு தவணையும் சேர்த்து உங்கள் சம்பளத்துக்குத் தாங்குமா என்று வங்கி பார்க்கும்.

என்னைக் கேட்டால், கட்டி முடித்து சி.சி.சி. (குடியேறலாம் என்ற நிறைவுச் சான்றிதழ்) கிடைத்த வீடாகத் தேடுங்கள். டெவலப்பரிடம் முந்தைய கட்டத்தில் விற்காத வீடு இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு இருக்கும். கண்ணால் பார்த்து, குழாயைத் திறந்து, கீழ் அறையில் அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்து வாங்கலாம். பழைய வீட்டை நேரே விற்றால் வாங்குபவருக்கு வழக்கமாக மூன்று மாதம், தேவைப்பட்டால் வட்டியோடு இன்னொரு மாதம். இரண்டு ஒப்பந்தத்தையும் ஒரே லாயர் அலுவலகத்தில் கொடுத்தால் தேதிகளைப் பொருத்திவிடலாம்.

செராஸ்_வாத்தியார் | வெள்ளி, காலை 6.40

அதைக் கேட்கும்போதும் எழுத்தில் விலை வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரேட்-இன் பேச்சையே எடுக்காமல் கேளுங்கள். வேறொருவரை அனுப்பிக் கேட்டாலும் நல்லது.

கோம்பாக்_ஆற்றங்கரை | ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.55

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மச்சானை அனுப்பினேன். அதே 580,000 வீடு, ட்ரேட்-இன் இல்லாமல் அவருக்குச் சொன்ன விலை 548,000. தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். வாத்தியார் சொன்னது ஏறத்தாழ அப்படியே இருந்தது. மறுநாள் நானே போய், கடிதத்தில் "உதவும்" என்பதை "வாங்கும்" என்று மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

முந்தைய கட்டத்தில் இரண்டு வீடு விற்காமல் இருந்தன. ஒன்று வேண்டாம், உயர் அழுத்த மின்கம்பிக்குப் பக்கத்தில். இன்னொன்று நடு வீடு, 552,000, சி.சி.சி. வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவைக் கூட்டிப்போனோம். கீழ் அறைக் குளியலறை வாசலில் ஒரு சின்னப் படி இருந்தது. அம்மா கால் வைத்துப் பார்த்துவிட்டு, இதைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டார். சாய்தளம் போட்டுத் தருகிறோம் என்று அதையும் தாளில் எழுதி வாங்கினேன்.

பழைய வீட்டுக்கு எங்கள் புளோக்கிலேயே கடைசியாகக் கைமாறிய விலை 276,000 என்று நாப்பிக்கில் இருந்தது. பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் 285,000-க்குக் கொடுத்தேன். நேற்று ஒரு இளம் தம்பதி வந்தார்கள், இப்போது பக்கத்துப் புளோக்கில் வாடகைக்கு இருக்கிறார்கள். யாரோ வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அம்மாதான் கதவைத் திறந்தார், அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். சமையலறைக் கறை எந்த மழையில் வந்தது, எப்போது ஒழுக்கை அடைத்தோம், காலையில் தண்ணீர் எத்தனை மணிக்கு மெதுவாக வரும், எல்லாம் சொன்னார். மூன்று மாடி ஏற வேண்டும், உங்களுக்கு வயது இருக்கிறது, பரவாயில்லை என்றார். சாமி அறையில் நின்று அந்தப் பெண் கும்பிட்டுக்கொண்டாள்.

இன்று மாலை 275,000 கேட்டிருக்கிறார்கள். வங்கியில் முன்னனுமதி இருக்கிறதாம். 278,000-க்கு முடிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். நாளை காலை இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு லாயரைப் பார்க்கப் போகிறேன்.

பிறை_அக்கா | ஞாயிறு, இரவு 10.20

சந்தோஷம் தம்பி. சாவி வாங்கும்போது ஒப்பந்தத்தில் 24 மாதப் பழுதுக் காலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, படம் எடுத்து எழுத்தில் கொடுங்கள். அந்தச் சீனத்து ஆன்ட்டியைப் பால் காய்ச்சும் நாளுக்கு அழைக்க மறக்காதீர்கள்.

கோம்பாக்_ஆற்றங்கரை | ஞாயிறு, இரவு 10.31

அம்மா ஏற்கெனவே அழைத்துவிட்டார் அக்கா.